கதவைத் தட்டுபவர் கையில் எந்தப் போன்: அமெரிக்கக் கணக்கெடுப்பு செய்த இரண்டு தேர்வுகள்

வெளிவேலைக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களில் போன் வாங்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. எந்தக் கம்பெனி, எத்தனை ஜிபி, என்ன விலை? கடைக்காரர் நான்கு மாடல்களை எடுத்து வைப்பார். பட்ஜெட்டுக்குள் வருவதில் ஒன்றைத் தேர்ந்து, இருபது பெட்டிகளுக்குப் பில் போட்டுவிடுவார்கள். அந்தப் போனை வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை ஒருவர் என்ன செய்யப்போகிறார் என்ற கேள்வி அந்தப் பேச்சில் கடைசியாக வரும். பல இடங்களில் வரவே வராது.

இதே முடிவை லட்சக்கணக்கான ஊழியர்களுக்காக இரண்டு முறை எடுத்தது அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம். 2010 கணக்கெடுப்புக்காக 2006-ல் எடுத்த முதல் முடிவு பாதியில் முறிந்தது. 2020 கணக்கெடுப்புக்காக எடுத்த இரண்டாவது முடிவு பெருந்தொற்றுக்கு நடுவிலும் தாங்கியது. அரசுப் பணம் என்பதால் அந்நாட்டு நாடாளுமன்றம் விசாரித்தது. தணிக்கை அலுவலகம் ஒவ்வொரு கட்டத்தையும் அறிக்கையாக எழுதி வைத்தது. கள வேலைக்கான கருவித் தேர்வைப் பற்றி இவ்வளவு வெளிப்படையான பதிவு வேறு எங்கும் கிடைப்பது அரிது. அதனால்தான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

வேலை என்ன?

அமெரிக்காவில் முதலில் வீடுகளுக்குத் தபால் போகும். படிவத்தை நிரப்பி அனுப்பாத வீடுகளுக்குத்தான் கணக்கெடுப்பாளர் நேரில் போவார். 2010-ல் அப்படிப் போக வேண்டியிருந்த வீடுகள் சுமார் 4.7 கோடி. ஆள் இல்லாவிட்டால் மறுபடி போக வேண்டும். ஒரே வீட்டுக்கு ஆறு முறை வரை தொடர்பு கொள்ள முயல்வார்கள். இந்த வேலைக்கு வருபவர்கள் சில வாரங்களுக்கு மட்டும் எடுக்கப்படும் தற்காலிக ஊழியர்கள். ஓய்வு பெற்றவர், மாணவர், வேறு வேலைக்கு இடையே கூடுதல் வருமானம் தேடுபவர் என்று கலவையான கூட்டம். சில நாள் பயிற்சியோடு தெருவில் இறங்கிவிடுவார்கள்.

காகிதத்தில் இதை நடத்தும்போது ஒரு பெரிய விரயம் இருந்தது. காலையில் பட்டியலோடு கிளம்பியவருக்கு, அந்தப் பட்டியலில் உள்ள ஒரு வீட்டிலிருந்து நேற்றே தபால் வந்துவிட்டது என்பது தெரியாது. போய்க் கதவைத் தட்டுவார். தாமதமாக வரும் தபால்களை அன்றன்றே பட்டியலிலிருந்து நீக்க முடிந்தால் கோடிக்கணக்கான டாலர் மிச்சமாகும். கையில் ஒரு கருவி வேண்டும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறந்தது. காரணம் முற்றிலும் நியாயமானது.

முதல் தேர்வு

2006 மார்ச்சில் ஹாரிஸ் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்துடன் சுமார் 60 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. கணக்கெடுப்புக்கென்றே உருவாக்கிய ஒரு கையடக்கக் கணினி, அதற்கான மென்பொருள், பின்னால் இயங்கும் சர்வர்கள், உதவி மையம் எல்லாம் அதில் அடக்கம். கருவியைத் தயாரித்தது எச்டிசி என்ற போன் நிறுவனம். விண்டோஸ் மொபைல், ஜிபிஎஸ், விரல்ரேகை வைத்துத் திறக்கும் வசதி, தொடுவதற்கு ஒரு குச்சி. திட்டமிட்ட எண்ணிக்கை ஐந்து லட்சம்.

சொந்தமாக ஒரு கருவி செய்யப்போனதே தவறு என்று பின்னாளில் பலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் ஐபோன் விற்பனைக்கு வந்தது 2007 ஜூனில். ஆப் ஸ்டோர் திறந்தது 2008-ல். முதல் ஆண்ட்ராய்டு போனும் அதே ஆண்டின் கடைசியில்தான். 2006-ல் கடையில் போய் எடுத்துக்கொள்ளும்படி இன்றைய ஸ்மார்ட்போன் போன்ற ஒரு பொருள் இல்லை. குளறுபடி வேறொரு இடத்தில் இருந்தது.

2007-ல் கலிபோர்னியாவின் சான் வாக்கீன் கவுண்டியிலும் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) வட கரோலினாவின் பேயட்வில் பகுதியிலும் ஒத்திகை நடந்தது. தகவல் அனுப்புவது மெதுவாக இருந்தது. கருவி நின்று நின்று ஓடியது. அடுக்குமாடிக் கட்டடங்களில் பல முகவரிகளை வரைபடத்தின் ஒரே புள்ளியோடு இணைக்க வேண்டிய இடத்தில் ஊழியர்கள் காத்துக்கொண்டு நிற்க நேர்ந்தது. ஒத்திகை என்பதே இப்படிப்பட்ட குறைகளைக் கண்டுபிடிக்கத்தான். அதுவரை கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் குறையைச் சரிசெய்ய உட்கார்ந்தபோதுதான் அடிப்படைச் சிக்கல் வெளியே வந்தது. இந்தக் கருவி என்னென்ன செய்ய வேண்டும் என்ற முழுப் பட்டியலை அலுவலகம் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்து முடித்திருக்கவில்லை. இறுதிப் பட்டியல் கைக்குப் போய்ச் சேர்ந்தது 2008 ஜனவரியில். அதில் புதிதாகச் சேர்ந்தவையும் திருத்தி எழுதியவையுமாக 400-க்கும் மேல். கணக்கெடுப்பு நாளுக்கு இன்னும் இரண்டே கால் ஆண்டு; கருவியோ ஏற்கெனவே வடிவமைத்து முடிந்தாகிவிட்டது.

அந்த ஆண்டு மார்ச்சில் தணிக்கை அலுவலகம் கணக்கெடுப்பையே அபாயப் பட்டியலில் சேர்த்தது. ஏப்ரல் 3-ம் தேதி வணிகத் துறைச் செயலர் கார்லோஸ் குட்டியெரஸ் நாடாளுமன்றக் குழு முன் வந்து, வீடு வீடாகப் போகும் பணிக்குக் காகிதத்துக்கே திரும்புகிறோம் என்று அறிவித்தார். அதனால் கூடும் செலவு 220 கோடி முதல் 300 கோடி டாலர் வரை என்று மதிப்பிடப்பட்டது. கருவி ஒப்பந்தத்தின் மதிப்பைவிட அதைக் கைவிட்டதன் செலவு பல மடங்கு. ஆள் எடுப்பு, அச்சடிப்பு, அலுவலக வாடகை, மேற்பார்வை எல்லாவற்றையும் காகிதத்துக்கு ஏற்றபடி மீண்டும் கட்ட வேண்டியிருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் "அரசுத் திட்டம், சொதப்பியது" என்று சொல்லிவிட்டுப் போகலாம். முடியவில்லை. அதே கருவியை 2009 வசந்த காலத்தில், தபால் அனுப்பும் முன் நடக்கும் முகவரி சரிபார்ப்புக்குப் பயன்படுத்தினார்கள். சுமார் 1.4 லட்சம் ஊழியர்கள் தெருத்தெருவாக நடந்து 14.5 கோடி முகவரிகளைப் பார்த்து, பெரும்பாலான இடங்களில் குறித்த நாளுக்கு முன்பே முடித்தார்கள். மதிப்பிட்டதைவிடச் செலவு கூடியது உண்மை. ஆனால் வேலை நின்றுபோகவில்லை.

இந்த முரண்பாட்டை நிதானமாகப் பார்க்க வேண்டும். முகவரி சரிபார்ப்பில் ஊழியர் வாசலில் நின்று பார்க்கிறார், இடத்தைக் குறிக்கிறார், நகர்கிறார். யாரிடமும் நீண்ட கேள்வி கேட்க வேண்டியதில்லை. ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டியதில்லை. பட்டியல் மணிக்கு மணி மாறுவதில்லை. அந்த எளிய வேலைக்கு அந்தக் கருவி பொருந்தியது. அப்போதும் ஒரே ஒதுக்கீட்டுப் பகுதியில் 700-க்கும் மேல் முகவரிகள் வந்தால் கருவி திணறும் என்று, அத்தகைய பெரிய பகுதிகளுக்குத் தனியாக மடிக்கணினி கொடுத்தார்கள். கேள்வித்தாள், மறுவருகை, தினசரிப் பட்டியல் மாற்றம், நேரக் கணக்கு எல்லாம் சேர்ந்த கனமான வேலைக்கு அதே கருவி தாங்காது என்று கைவிடப்பட்டது. "நல்ல போன்" என்று பொதுவாக ஒன்று இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இரண்டாவது தேர்வு

2020-க்கான தயாரிப்பில் வரிசை தலைகீழாக மாறியது. முதலில் கேட்ட கேள்வி: ஊழியர் வாரத்தில் எந்தெந்த நேரம் வேலை செய்வார், அவர் வீடு எங்கே, என்ன மொழி பேசுவார், அன்று அவருக்கு எந்த வீடுகளைக் கொடுத்தால் நடை குறையும்? இதைக் கணக்கிட்டு ஒவ்வொரு நாளும் பட்டியலையும் போகும் வரிசையையும் தரும் மென்பொருளைப் பின்னணியில் அமைத்தார்கள். தபாலிலோ இணையத்திலோ பதில் தந்துவிட்ட வீடு பட்டியலிலிருந்து நீங்கும். வேலை நேரத்தை ஊழியர் போனிலேயே பதிவு செய்வார். தினமும் மேற்பார்வையாளரை நேரில் சந்தித்துக் காகிதக் கட்டைக் கொடுத்து வாங்கும் பழக்கம் போய்விட்டது. எனவே ஒரு மேற்பார்வையாளர் முன்பைவிடப் பலரைக் கவனிக்க முடிந்தது. 2010-ல் 494 ஆக இருந்த உள்ளூர் அலுவலகங்கள் 2020-ல் 248 ஆகக் குறைந்தன. போனால் வந்த உண்மையான மிச்சம் இந்த எண்ணில்தான் இருக்கிறது. போனின் விலையை மட்டும் பேரம் பேசுபவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

ஊழியரின் சொந்தப் போனையே பயன்படுத்தலாமா என்றும் யோசித்தார்கள். அரிசோனாவின் மாரிக்கோபா கவுண்டியில் 2015-ல் நடந்த சோதனையில் அதை முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். அதன்பின் 2017-ல் சிடிடபிள்யூ-ஜி நிறுவனத்துடன் 28.3 கோடி டாலருக்கு ஓர் ஒப்பந்தம். அரசு போனைச் சொந்தமாக வாங்கவில்லை, சேவையாக எடுத்தது. வாங்குவது, செயலி ஏற்றுவது, பூட்டுவது, ஊர் ஊருக்கு அனுப்புவது, பழுதானால் மாற்றுவது, கடைசியில் திரும்ப வாங்கி அழிப்பது எல்லாம் ஒப்பந்தக்காரர் பொறுப்பு. கணக்கெடுப்புத் தகவலை வெளியிட்டால் ஐந்தாண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் விதிக்கும் சட்டம் அங்கே இருக்கிறது. தொலைந்த போனைத் தூரத்திலிருந்தே அழிக்க முடியாத ஏற்பாடு அங்கே பேச்சுக்கே இடமில்லாதது.

கையில் வந்தது ஐபோன் 8. 2017 செப்டம்பரில் வெளியான மாடல். பெரிய அளவில் களத்தில் இறங்கியபோது அதற்கு ஏறத்தாழ மூன்று வயது. எடை 148 கிராம், திரை 4.7 அங்குலம், ஒரு கையில் அடங்கும். மழைத்துளிக்கும் தூசுக்கும் தாங்கும் ஐபி67 தரம். புதிய மாடல் வேண்டும் என்று ஓடாமல், பழகிய, எல்லாருக்கும் ஒரே மாதிரியான, இன்னும் பல ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு வரக்கூடிய ஒன்றை எடுத்தார்கள். லட்சக்கணக்கானவர்களுக்கான பயிற்சியில் ஒரே திரையின் படத்தைப் போட்டால் போதும் என்பது சின்ன லாபம் இல்லை. முகவரி சரிபார்ப்பு ஊழியர்களுக்கு இந்தப் போனைக் கொடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். வரைபடம் பார்க்கும் அந்த வேலைக்குப் பெரிய திரை வேண்டும் என்று மடிக்கணினியாகவும் பலகையாகவும் பயன்படும் கருவிகள் தனியாகப் போயின. 700 முகவரிக்கு மேல் திணறிய அனுபவம் வீண்போகவில்லை.

2018-ல் ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் கவுண்டியில் முழு ஒத்திகை. 2020 மே மாதம் தொடங்க வேண்டிய வீட்டுவருகை கோவிட்டால் தள்ளிப்போய், ஜூலை நடுவில் சில இடங்களிலும் ஆகஸ்ட் 11-ல் நாடு முழுதும் தொடங்கி, அக்டோபர் 15-ல் முடிந்தது. மணிக்கு 1.55 வீடு முடியும் என்று திட்டமிட்டிருந்தார்கள், நடந்தது 1.92.

எல்லாம் சீராகப் போனது என்று சொல்ல மாட்டேன். ஒரே அடுக்குமாடிக்கு ஒரே நாளில் பல ஊழியர்களைப் பட்டியல் அனுப்பியது. முடிந்த வீடு மறுபடி வந்து நின்றது. அந்த வீட்டுக்காரரின் எரிச்சலை வாசலில் நின்று வாங்கிக்கொண்டவர் கணக்கெடுப்பாளர்தான். இவை போனின் குறைகள் அல்ல. பின்னணி மென்பொருளின் குறைகள். ஆனால் களத்தில் நிற்பவருக்கு அந்த வேறுபாடு தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவருக்குக் கையில் இருப்பதுதான் நிறுவனம்.

இருபது பேர் உள்ள நிறுவனத்துக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. கடைகளில் ஆர்டர் எடுப்பவர்கள், தவணை வசூலுக்குப் போகிறவர்கள், ஏசி சர்வீஸ் பார்ப்பவர்கள், வயலில் மண் மாதிரி எடுப்பவர்கள் யாராக இருந்தாலும், போன் கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் அவர்களுடைய மிக மோசமான ஒரு நாளை எழுதச் சொல்வேன். சராசரி நாளை எழுதக் கூடாது. மாதக் கடைசியில் எத்தனை ரசீது? ஒரு வேலைக்கு எத்தனை போட்டோ? எத்தனை கிலோமீட்டர் வண்டியில் மேப் திறந்தே இருக்கும்? டவர் இல்லாத ஊர் எது, அங்கே எவ்வளவு நேரம்? ஒரு கையில் பை இருக்குமா? ப்ளூடூத் பிரிண்டர் உண்டா? இந்தத் தாளை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுதினால் அது 2006 ஒப்பந்தமாகிவிடும். போகிறவரே எழுத வேண்டும். அவரோடு ஒருநாள் பின்னால் உட்கார்ந்து போய்வந்தால் இன்னும் நல்லது.

அந்தத் தாள் இருந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும். உதாரணமாக வெயில். ஆப்பிள் தன் போன்களுக்குச் சொல்லும் இயங்கு வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ். திருச்சியிலும் வேலூரிலும் சித்திரை மதியம் அதைத் தாண்டித்தான் இருக்கும். போன் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் திரை வெளிச்சத்தைத் தானே குறைக்கும்; சரியாக வெயிலில் படிக்க முடியாமல் போகிற நேரத்தில் அது நடக்கும். வண்டி ஹேண்டில்பாரில் மாட்டி, மேப் ஓடவிட்டு, பவர்பேங்கில் சார்ஜும் போட்டால் ஆண்ட்ராய்டு போனுக்கும் இதே கதிதான். ஆகவே கடைக்குள் ஏசியில் நின்று திரையைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு போனை மட்டும் வாங்கி, மதியம் ஒரு மணிக்கு மொட்டை மாடியில் அரை மணி நேரம் உங்கள் செயலியை ஓட்டிப் பாருங்கள். தாங்கினால் மீதியை வாங்குங்கள்.

பேட்டரியும் அப்படியே. ஐபோன் 8-ன் பேட்டரி 1,821 எம்ஏஎச் மட்டுமே. அமெரிக்கக் கணக்கெடுப்பாளர்கள் பலர் மாலையிலும் வார இறுதியிலும் சில மணி நேரம் வேலை செய்தவர்கள். அவர்களைப் பார்த்து நாமும் வாங்கிவிட முடியாது. காலை எட்டு முதல் இரவு ஏழு வரை ஓடும் விற்பனைப் பிரதிநிதிக்கு 5,000-க்குக் குறைவாக யோசிக்க வேண்டாம். வெப்பம் பேட்டரியின் ஆயுளையும் தின்னும். இரண்டாம் ஆண்டில் பேட்டரி மாற்றும் செலவை முதல் நாளே கணக்கில் எழுதிவிடுங்கள்.

பலரும் விலைப்பட்டியலில் தேடாத ஒன்று, புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும் என்பது. 2017-ல் வந்த ஐபோன் 8-க்கு 2022-ல் வந்த ஐஓஎஸ் 16 வரை கிடைத்தது. ஆண்ட்ராய்டில் இது கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். 2024-ல் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு ஏழு ஆண்டு தருவதாகச் சாம்சங் அறிவித்தது; அதே ஆண்டில் வந்த விலை குறைந்த ஏ16-க்கு ஆறு ஆண்டு. இரண்டே ஆண்டில் நின்றுவிடும் மாடல்களும் அதே கண்ணாடி அலமாரியில்தான் இருக்கின்றன. வங்கிச் செயலியும் யுபிஐயும் பழைய பதிப்பில் ஓடாமல் நிற்கும் நாளில் அந்த ஆயிரம் ரூபாய் மிச்சம் எங்கே போனது என்று தெரியாது. நான்காண்டு ஓட்ட நினைத்தால், நான்காண்டு எழுத்தில் இருக்க வேண்டும்.

ரேம், கேமரா, பிராசஸர் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. உங்கள் செயலியை ஏற்றி, மோசமான நாளின் சுமையைக் கொடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். இருபது பேருக்கு இருபத்திரண்டு போன் வாங்குவதையும், எல்லாம் ஒரே மாடலாக இருப்பதையும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒருவருடைய போன் உடைந்த மாலையே அவர் கையில் மாற்றுப் போன் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் தன் சொந்தப் போனில் வாடிக்கையாளர் விவரத்தை ஏற்றிக்கொள்வார். வேறு வழியில்லாமல் செய்வார். அதன்பின் அந்தத் தகவல் எங்கெங்கே இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியாது.

சொந்தப் போன் என்ற வழி

இந்தியாவில் இந்தக் கேள்வி இப்போது நேராகவே வந்து நிற்கிறது. 2027 கணக்கெடுப்பு நம் முதல் டிஜிட்டல் கணக்கெடுப்பு. வீட்டுப் பட்டியல் எடுக்கும் கட்டம் 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் என்று அறிவிக்கப்பட்டது. ஆசிரியர்கள் உள்ளிட்ட அரசு ஊழியர்கள் செயலியைத் தங்கள் சொந்தப் போனில் இறக்கி வேலை செய்யும் முறை இது. அமெரிக்கா சோதித்துப் பார்த்து வேண்டாம் என்று விட்ட வழியை நாம் எடுத்திருக்கிறோம். இதைத் தவறு என்று சொல்லத் துணிய மாட்டேன். முப்பது லட்சம் போன்களை வாங்கி, பிரித்துக்கொடுத்து, திரும்ப வாங்குவது வேறு அளவிலான சுமை. பழகிய போன் என்றால் பயிற்சியும் குறையும்.

ஆனால் சொந்தப் போன் முறையில் செலவு மறைவதில்லை, இடம் மாறுகிறது. டேட்டா, பேட்டரித் தேய்மானம், கீழே விழுந்து உடைந்த கண்ணாடி, வீட்டில் பிள்ளைகளும் அதே போனில் படிக்க வேண்டிய நிலை எல்லாம் ஊழியர் பக்கம் போய்ச் சேர்கின்றன. நூறு வகைப் போன்களில் செயலி ஓட வேண்டும் என்பதால் மென்பொருள் செய்பவர் பக்கமும் வேலை கூடுகிறது. உணவு டெலிவரி செய்பவரும், வீட்டுக்கு வந்து வாட்டர் பில்டர் மாற்றுபவரும் இன்று இந்த முறையில்தான் உழைக்கிறார்கள். அவர்கள் போன் உடைந்தால் அன்றைய கூலியும் போகிறது.

சொந்தப் போன்தான் என்று ஒரு நிறுவனம் முடிவு செய்தால், என் கணக்கில் மூன்று விஷயங்கள் வேலை நியமன உத்தரவிலேயே இருக்க வேண்டும். மாதாந்திர போன் படி, டேட்டாவுக்குத் தனியாகவும் தேய்மானத்துக்குத் தனியாகவும். வேலையில் உடைந்தால் பழுது பார்க்கும் பணம், ரசீது கொடுத்த வாரத்திலேயே. நிறுவனத்தின் தகவல் போனுக்குள் தனிப் பகுதியில் இருக்கும், வேலையை விட்டுப் போகும் நாளில் அந்தப் பகுதி மட்டும் அழிக்கப்படும், சொந்தப் போட்டோவையோ மெசேஜையோ யாரும் தொட மாட்டார்கள் என்ற எழுத்துப்பூர்வ உறுதி. ஆண்ட்ராய்டில் வேலைக்கென்று தனிப் பகுதி பிரிக்கும் வசதி பல ஆண்டுகளாகவே இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுக்க ஒரு மதியம் போதும். இந்த மூன்றுக்கும் ஆகும் தொகையைப் போன் வாங்கிக் கொடுக்கும் செலவோடு பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, அதன்பிறகு எந்த வழி என்று முடிவு செய்யுங்கள்.